நீங்காத கண் சிவப்பும் ஆறாம் நரம்பும்

"அம்மாவின் கண் சிவந்து பல வாரங்களாகியும் சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை, இப்போது பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, காதுக்குள் நாடித்துடிப்போடு ஓர் இரைச்சலும் கேட்கிறது என்கிறார். இதுவும் மெட்ராஸ் ஐதானா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இம்மூன்றும் சேர்ந்து வந்தால் அதைத் தொற்று என்று விட்டுவிடக் கூடாது. மண்டையோட்டின் அடித்தளத்தில் தமனியும் சிரையும் முறைதவறி இணைந்திருக்கக்கூடும்.

பிட்யூட்டரி சுரப்பியின் இருபுறமும் கேவர்னஸ் சைனஸ் எனப்படும் சிரைக்குழிகள் உள்ளன. கண்ணிலிருந்து திரும்பும் இரத்தம் இவற்றில் வடிகிறது. மூளைக்குச் செல்லும் உட்கரோட்டிட் தமனி இந்தச் சிரைக்குழிக்குள்ளேயே புகுந்து வளைந்து மேலேறுகிறது என்பதுதான் இங்குள்ள பேரதிசயம். கண்ணை அசைக்கும் 3, 4 ஆம் மண்டை நரம்புகளும், முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் 5 ஆம் நரம்பின் கிளைகளும் குழியின் வெளிச்சுவரில் பொதிந்து செல்ல, 6 ஆம் நரம்பு மட்டும் அந்தக் காப்பின்றித் தமனியை ஒட்டியே செல்கிறது.

தலையில் அடிபட்டுத் தமனி கிழிந்தாலும், மூளை உறையின் சிறு தமனிகள் குழியோடு தாமாகவே இணைந்தாலும் (இந்த இரண்டாம் வகை மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதி), தமனியின் உயர் அழுத்தம் சிரைக்குள் பாய்கிறது. உடைந்த குடிநீர்க் குழாய் சாக்கடையில் பீறிட்டால் கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து ஏறுவதைப் போல, இரத்தம் கண்ணை நோக்கித் திரும்புகிறது. கண்ணின் சிரைகள் முறுக்கிப் புடைக்கின்றன. கருவிழியோரத்திலிருந்து சிவப்பு பரவுகிறது. கண்ணுக்குள் சுரக்கும் நீரும் அதே சிரைகளில்தான் வடிய வேண்டும் என்பதால், அது தேங்கிக் கண்ணழுத்தமும் உயர்கிறது. புடைத்த குழி நரம்புகளை நெருக்குகிறது, அவற்றின் இரத்த ஓட்டமும் தடைப்படுகிறது. காப்பற்ற 6 ஆம் நரம்பு பெரும்பாலும் முதலில் தளர்வதால், கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் தசை செயலிழந்து பார்வை இரட்டையாகிறது.

இத்தகைய கண்ணில் தாய்ப்பால் விடுவதும் திருஷ்டி கழிப்பதும் பார்வையைக் காக்கும் காலத்தை வீணாக்குபவை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஆஞ்சியோகிராம் இணைப்பைத் துல்லியமாகக் காட்டிவிடும்.

1809 இல் இலண்டனில் அறுவை மருத்துவர் பெஞ்சமின் டிராவர்ஸ் கழுத்துத் தமனியையே கட்டி இந்நோயைத் தணித்தார். 1970களில் மாஸ்கோவின் நரம்பியல் அறுவை மருத்துவர் செர்பினென்கோ, தமனிக்குள் செலுத்திய நுண்குழாயின் முனையிலிருந்து கழன்றுகொள்ளும் பலூனால் கிழிசலை அடைத்துக் காட்டினார். இன்று பெரும்பாலும் சிரை வழியே சென்று, பிளாட்டினச் சுருள்களால் குழியை நிரப்புகிறார்கள். ஓட்டம் குறைந்த சில இணைப்புகள் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. இணைப்பு முழுவதும் அடைபட்டால் காதின் இரைச்சல் அப்போதே நின்றுவிடும், ஆனால் 6 ஆம் நரம்பு தேறுவதற்கு மாதங்கள் ஆகலாம்.