குறட்டை விடுவீர்களா என்று ஏன் கேட்கிறோம்?

குன்னூரில் என் அறைக்கு வெளியே எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. ஏறச் சொன்னதும் சிலர் செருப்பைக் கழற்றுவார்கள். சிலர் ஸ்வெட்டர், மப்ளர், சட்டைப்பையில் இருக்கும் செல்போன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஏறுவார்கள். "போன வாரம்தான் பார்த்தேன்" என்று நழுவுகிறவர்களும் உண்டு. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த அந்த டாக்சி டிரைவர் நேராக ஏறி நின்றார், முள்ளைப் பார்க்கவே இல்லை. "எவ்வளவுன்னு தெரியும் டாக்டர். எங்க போனாலும் அதைத்தான் முதல்ல சொல்றாங்க" என்றார்.

118 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பிஎம்ஐ கணக்கில் 42 வருகிறது. நம் நாட்டவருக்கு 25-ஐத் தாண்டினாலே உடல்பருமன் என்றுதான் கணக்கு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது வெறும் 64 கிலோ. இதை எழுதும் எனக்கே அந்த எல்லை ரொம்பத் தூரத்தில் இல்லை.

அவருக்கு ஆறேழு வருடமாக நெஞ்செரிச்சல். ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். இரண்டு தலையணை வைத்துப் படுப்பார். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி, சாப்பிட்டபின் போட்டுக்கொள்வார். இரண்டு வருடத்துக்கு முன் ஓரிடத்தில் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டு இரைப்பை வரை பார்க்கும் பரிசோதனை, எடுக்கப் போயிருக்கிறார். வாய் வழியாக விட்டபோது குமட்டிக் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டார். மயக்கம் கொடுத்துச் செய்யலாமா என்று கேட்டதற்கு, "இந்த உடம்புக்கு மயக்கம் கொடுத்தால் ஆபத்து, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எடை குறையவில்லை, அவரும் திரும்பப் போகவில்லை. இப்போது இட்லி நெஞ்சில் சிக்குகிறது என்று வந்திருக்கிறார்.

ஆபத்து என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் வேறு வழி இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

முதலில் ஒரு விஷயம். நெஞ்செரிச்சல் இருக்கும் எல்லாருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டு மாற்றத்துக்கும் கேட்டுவிடுகிற நெஞ்செரிச்சல்தான் அதிகம். ஆனால் விழுங்குவதில் சிரமம், முயற்சி செய்யாமலே எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காரணம் தெரியாத இரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், பயந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் மாத்திரையைக் காட்டுங்கள்.) எடையைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். அப்புறம், நடந்தாலோ மேடு ஏறினாலோ வருகிற எரிச்சல் இதயத்திலிருந்தும் வரலாம். அவர்களுக்கு நான் குழாயைத் தொடுவதற்கு முன் ஈசிஜி எடுத்துவிடுவேன்.

வயிறு பெருத்தவர்களுக்கு இந்தத் தொந்தரவு ஏன் அதிகம்? தொப்பை உள்ளே இருந்து இரைப்பையை மேல்நோக்கி அமுக்குகிறது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு தளர்கிறது. சிலருக்கு இரைப்பையின் மேல்பகுதியே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறிவிடும், அதுதான் ஹையாட்டஸ் ஹெர்னியா. அமிலம் வருடக்கணக்கில் மேலே வந்தால் உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போகலாம். அதற்கு பாரெட் மாற்றம் என்று பெயர். அங்கிருந்து புற்றுநோய் வருவது மிகச் சிலருக்குத்தான், ஆனால் பார்க்காமல் தெரியாது. ஆக, எண்டோஸ்கோப்பி யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களுக்குத்தான் மயக்க ஊசி அதிகச் சிக்கல்.

மயக்கம் கொடுத்ததும் தொண்டைத் தசைகள் தளரும், நாக்கு பின்னால் சரியும். கழுத்து தடித்தவர்களுக்கு மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகல். மல்லாந்தாலும் பக்கவாட்டில் படுத்தாலும் வயிறு நுரையீரலை மேலே தள்ளும், அதனால் நுரையீரலில் கையிருப்பாக இருக்கும் காற்றும் குறைவு. மூச்சு ஒரு நிமிடம் தடைப்பட்டால் ஒல்லியானவருக்குத் தாக்குப்பிடிக்கும் ஆக்சிஜன் இவருக்குத் தாக்குப்பிடிக்காது.

இதில் நம் மலையின் பங்கும் இருக்கிறது. உதகை சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. குன்னூரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது, ஒன்றும் தெரியாது. ஆனால் விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் கருவியில் கீழே சமவெளியில் 98 காட்டுகிறவருக்கு இங்கே 95 காட்டினால் ஆச்சரியமில்லை. மயக்கத்தில் சரிய ஆரம்பித்தால், சரிவின் விளிம்புக்குப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

நான் இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், வேறோர் ஊரில், நல்ல பருமனான ஒருவருக்கு வழக்கமான அளவு மயக்க மருந்து கொடுத்தேன். குழாயை விட்டு இரைப்பையை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டாக்டர், உதடு" என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். நீலமாகியிருந்தது. குழாயை உருவி, தாடையை முன்னால் தூக்கிப் பிடித்து, ஆக்சிஜன் வைத்து, அவர் மூச்சு சீராகும் வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து மனைவியிடம் சொன்னபோது அந்த அம்மா, "தூக்கத்திலயும் இப்படித்தாங்க, மூச்சு நின்னு நின்னு வரும்" என்றார். நான் கேட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து குறட்டையைப் பற்றிக் கேட்காமல் யாரையும் படுக்க வைப்பதில்லை. அதுவும் நோயாளியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, கூடப் படுப்பவரைக் கேட்க வேண்டும். டிரைவரின் மனைவியைக் கேட்டேன். "தகரக் கூரையில மழை பெய்யுற சத்தம் தேவலை டாக்டர்" என்றார். சிரித்துவிட்டு, "திடீர்னு நின்னுடும். மூச்சு வருதான்னு நான் எந்திரிச்சுப் பார்ப்பேன்" என்றார். சத்தமான குறட்டை, பகலில் தூக்கம் சொக்குவது, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருப்பது, இரத்தக் கொதிப்பு, பிஎம்ஐ 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆணாக இருப்பது என்று 8 கேள்விகள். ஐந்துக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய் இருக்க நிறைய வாய்ப்பு. டிரைவருக்கு வயதைத் தவிர எல்லாமே ஆம். பகலில் சொக்குகிறதா என்ற கேள்விக்குத் தயங்கித் தயங்கித்தான் பதில் சொன்னார். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர் அல்லவா. அது தனியாகக் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம், தூக்கப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தேன்.

சரி, மாற்று வழிக்கு வருவோம். வழக்கமான எண்டோஸ்கோப்பிக் குழாயின் தடிமன் 9, 10 மில்லிமீட்டர். இதில் மெல்லிய வகை ஒன்று உண்டு, 5 முதல் 6 மில்லிமீட்டர். அதை மூக்கு வழியாக விடலாம், விழித்திருக்கும்போதே. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். முதன்முதலில் வளையும் இழைக்கண்ணாடி எண்டோஸ்கோப்பை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-ல் அதைத் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார், முழு விழிப்போடு. அது வாய் வழிதான், இதைவிடத் தடிமனானதும்கூட. நோயாளிகளுக்குத் தைரியம் சொல்ல இந்தக் கதையைச் சொல்வேன்.

மூக்கு வழியாக விட்டால் குமட்டல் ஏன் குறைகிறது? வாய் வழியாகப் போகும் குழாய் நாக்கின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டு போகும். குமட்டலைக் கிளப்பும் இடமே அதுதான். மூக்கிலிருந்து இறங்கும் குழாய் தொண்டையின் பின்சுவரை ஒட்டி இறங்கிவிடும், நாக்கைத் தொடாது. பருமனானவர்களுக்கு இன்னொரு லாபம், வாய் கட்டப்படாமல் இருப்பதால் பேசலாம். "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல முடிந்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

முதலில் மூக்கடைப்புக்குப் போடும் ஸைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்து. அது உள்சவ்வைச் சுருக்கி வழியை அகலமாக்கும், இரத்தக் கசிவையும் குறைக்கும். பிறகு லிக்னோகெய்ன் மரப்பு மருந்து. கொஞ்சம் எரியும், கசக்கும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், இதில் அவசரப்படும் மருத்துவரிடம்தான் வலிக்கும். குழாய் மூக்கைத் தாண்டும்போது ஒரு அழுத்தம், கண்ணில் தண்ணீர். தொண்டைக்கு வந்ததும் எச்சில் விழுங்கச் சொல்வோம். அதற்குப் பிறகு வயிறு ஊதுவதும் ஏப்பமும்தான். டிரைவருக்கு வலது மூக்கு குறுகல், உள்ளே தடுப்பெலும்பு வளைந்திருந்தது. இடது பக்கம் போனது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தன் இரைப்பையைத் தானே திரையில் பார்த்தார். "இதுக்குத்தான் ரெண்டு வருஷம் பயந்தேனா" என்று மூக்கால் பேசினார்.

இதற்குக் குறைகள் இல்லாமல் இல்லை. குழாய் மெலிந்ததால் உறிஞ்சும் சக்தி குறைவு, நேரம் கொஞ்சம் கூடும். சதைத் துணுக்கு எடுக்கலாம், ஆனால் சின்னதாகத்தான் வரும். இரத்தக் கசிவை நிறுத்துவது, வீங்கிய இரத்தக் குழாய்க்கு வளையம் போடுவது போன்ற வேலைகளுக்கு இது ஆகாது. சிலருக்கு இரண்டு மூக்கிலும் நுழையாது. சிலருக்கு மூக்கில் இரத்தம் கசியும், பெரும்பாலும் அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். அடிக்கடி மூக்கில் இரத்தம் வருகிறவர்கள், மூக்கில் அறுவை சிகிச்சையோ அடியோ பட்டவர்கள், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். சளி பிடித்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவேன். இந்த ஊர்ப் பனியில் அப்படித் தள்ளிப் போடுவது அடிக்கடி நடக்கிறது.

மயக்கமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மயக்க மருத்துவர் தனியாக இருந்து மூச்சைக் கவனித்தால் பருமனானவர்களுக்கும் செய்யலாம், சில சமயம் செய்தே ஆக வேண்டும். ஆனால் மயக்கம் கொடுத்தால் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. தேயிலை பறிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு அது இரண்டு பேருடைய ஒருநாள் கூலி.

தயாரிப்பு சாதாரண எண்டோஸ்கோப்பிக்கு உள்ளதுதான். முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் வேண்டாம். காலையில் பால் டீயும் வர்க்கியும் "லேசா" சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் வாரத்தில் ஒருவராவது இருக்கிறார்கள், திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது வருகிறார்கள். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். இரவு முழுக்கப் பட்டினி இருந்தும் உள்ளே சோறு அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊசி போடுவதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிடாதீர்கள்.

டிரைவருக்கு உணவுக்குழாயின் அடியில் நீளநீளமாகப் புண், கூடவே ஹையாட்டஸ் ஹெர்னியா. இட்லி சிக்கியது அந்தப் புண்ணின் வீக்கத்தால். துணுக்கில் புற்றுநோய் இல்லை. ஆனால் அவ்வளவு புண் இருக்கும்போது பாரெட் மாற்றம் அதற்குள் மறைந்திருக்கலாம், ஆற வைத்து மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரையைச் சாப்பிட்டபின் போடாமல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொன்னேன். இவ்வளவு வருடமாக அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பத்து வாரம் கழித்து வந்தார். 4 கிலோ குறைந்திருந்தது. இந்த முறை துணைக்கு ஆள் இல்லை, தன் டாக்சியிலேயே வந்து கீழே நிறுத்தியிருந்தார். புண் ஆறியிருந்தது, உள்தோலும் சரியாக இருந்தது. தொண்டை மரப்பு போக ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை தண்ணீர்கூட வேண்டாம் என்றேன். மணியைப் பார்த்தார். 12 மணிக்கு மேட்டுப்பாளையம் சவாரி இருக்கிறதாம்.