பயாஸுக்குப் பாரபட்சம் என்று பெயர் வைத்தது யார்?

போன ஞாயிறு மதியம் ஒரு தம்பி போன் செய்தான். வால்வும் (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழல்) மாஸ்ஃபெட்டும் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) சேர்ந்த ஹெட்போன் ஆம்ப் ஒன்றை வீட்டிலேயே கட்டியிருக்கிறான். 12 வோல்ட் அடாப்டர், முன்னால் ஒரு ஈசிசி82 வால்வு, பின்னால் காதுக்கு ஒன்றாக இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் (அதன் மூன்று கால்களில் ஒன்று சோர்ஸ், ஒன்று கேட்). பாட்டு வருகிறது, ஆனால் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரக்கிறது.

"பயாஸ் செட் பண்ணினியா?" என்றேன்.

"பண்ணிட்டேண்ணே. பாரபட்சத்தைச் சரிசெய்கன்னு போட்டிருந்துச்சு. லெஃப்ட், ரைட் ரெண்டுலயும் சோர்ஸ்ல கரெக்டா ரெண்டு வோல்ட் வச்சுட்டேன். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவன் படித்தது ஏதோ ஆங்கிலக் குறிப்பின் தமிழாக்கம்; அதில் 'பயாஸ்' (bias) பாரபட்சம் ஆகியிருந்தது. இரண்டு காதுக்கும் நடுவே பாரபட்சம் காட்டக் கூடாது என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டு, இரண்டையும் நியாயமாக, சமமாக, தப்பாக வைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழ் தெரிந்த யாரும் அந்த வாக்கியத்தை அப்படித்தான் படிப்பார்கள். இந்தச் சொல்லை இந்த இடத்தில் நான் பார்ப்பது இது நான்காவதோ ஐந்தாவதோ முறை.

வேர்க்கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிரெஞ்சில் 'பியே' என்றால் சரிவு, குறுக்குவாட்டம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. புல்வெளியில் பந்து உருட்டும் விளையாட்டில் பந்து ஒரு பக்கமாக வளைந்து ஓடும்படி செய்வார்கள்; அந்த வளைவுக்குப் பெயர் பயாஸ். அதன் பிறகுதான் மனம் ஒரு பக்கம் வளைவதற்கும் அது பெயரானது. தையல்காரர்களிடம் பழைய பொருள் இன்றும் அப்படியே இருக்கிறது. துணியை இழைக்குக் குறுக்காக, மூலைவாட்டில் வெட்டுவதை ஆங்கிலத்தில் பயாஸ் என்பார்கள். நம் தையல் கடைகளில் அதற்குக் 'கிராஸ் கட்'. எந்த டெய்லரும் அதைப் பாரபட்ச வெட்டு என்று சொன்னதில்லை.

ஆம்ப்புக்குள் இந்தச் சொல்லுக்கு என்ன வேலை? தண்ணீர்க் குழாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு ஏற்ப அதைக் கூட்டியும் குறைத்தும் திருப்ப வேண்டும். முழுக்க மூடியிருந்தால் குறைக்க இடமில்லை, முழுக்கத் திறந்திருந்தால் கூட்ட இடமில்லை. பாட்டு தொடங்கும் முன்பே பாதி திறந்து வைத்துவிட வேண்டும். அந்தப் பாதித் திறப்பை நிறுத்தி வைக்கும் நிலையான அழுத்தம்தான் பயாஸ். 1920களின் பேட்டரி ரேடியோக்களில் இதற்கென்றே தனி பேட்டரி இருந்தது. வால்வின் இழையைச் சூடாக்க ஏ, எலக்ட்ரான்களை இழுக்கும் பிளேட்டுக்கு பி, அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டின் பயாஸுக்கு சி.

வால்வில் கிரிட்டை கேதோடைவிட (எலக்ட்ரான்கள் கிளம்பும் இடம்) எதிர்மின்பக்கம் இழுத்து வைக்க வேண்டும். ஈசிசி82க்கு (அமெரிக்கப் பெயர் 12ஏயு7) தரவுத்தாள் சொல்லும் வழக்கமான நிலை இது: பிளேட்டில் 250 வோல்ட், கிரிட்டில் மைனஸ் 8.5 வோல்ட், ஓட்டம் 10.5 மில்லிஆம்பியர். 12 வோல்ட்டில் பட்டினி போட்டு ஓட்டும்போது அவ்வளவு தேவைப்படாது. ஒரு வோல்ட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஐஆர்எஃப்510 இதற்கு நேர் எதிர். அதன் கேட்டை சோர்ஸைவிட நேர்மின்பக்கம் தூக்கினால்தான் விழித்துக்கொள்ளும். 2 முதல் 4 வோல்ட்டுக்குள் எங்கோ தொடங்கும், ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்கும் மாறும் என்பதால்தான் பிரிசெட் (திருகி அளவை மாற்றும் சின்ன மின்தடை) வைக்கிறோம். ஒரே பெட்டிக்குள் ஒருவனைக் கீழே அழுத்தி வைக்க வேண்டும், இன்னொருவனை மேலே தூக்கி வைக்க வேண்டும். இரண்டுக்கும் பெயர் பயாஸ். இதில் யாருக்கு யார் பாரபட்சம் காட்டுகிறார்கள்?

சரி, பாரபட்சம் இயந்திர மொழிபெயர்ப்பின் கோமாளித்தனம், அதோடு சண்டை போடுவது வீண். என் உண்மையான சண்டை மரியாதையான எதிராளியோடு. அந்த எதிராளி 'சார்பு'.

தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில் டையோடு பாடத்தில் முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்று படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அப்படித்தான் எழுதினேன். முதல் தொல்லை, அதே பிள்ளை அடுத்த பீரியடில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் 'உறவுகளும் சார்புகளும்'. அங்கே சார்பு என்றால் ஃபங்ஷன். இரண்டும் ஒரே பலகையில் ஒரே நாளில் வரும் சொற்கள். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், தமிழில் ஒரு சொல் பல பொருள் சுமப்பது புதிதல்ல.

பொறுக்க முடியாதது அதன் பொருள். சார்தல் என்றால் ஒன்றை அண்டி நிற்பது. முதலெழுத்தை அண்டி நிற்பது சார்பெழுத்து. பெரிய நீதிமன்றத்துக்குக் கீழே இருப்பது சார்பு நீதிமன்றம். பத்திரம் பதியப் போகும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். அப்படியானால் 'சார்பு மின்னழுத்தம்' என்றால் என்ன? இன்னொன்றை நம்பி, அது ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கும் அழுத்தம் என்றுதானே படிப்பவர் கொள்வார்? பயாஸ் இதற்குத் தலைகீழ். சிக்னல் என்ன ஆட்டம் ஆடினாலும் அது ஆடக் கூடாது. ஆடாமல் நிற்பது மட்டும்தான் அதன் வேலை.

கேதோடில் ஒரு மின்தடை போட்டுப் பயாஸைத் தானாக அமைத்துக்கொள்ளும் முறை இருக்கிறதே, அது வால்வின் ஓட்டத்தைச் சார்ந்ததுதானே என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த மின்தடைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மின்தேக்கியை இணையாக எதற்குப் போடுகிறோம்? சிக்னலோடு சேர்ந்து அந்த அழுத்தமும் ஆடிவிடக் கூடாது என்றுதான். சார்ந்திருப்பதைத் தடுக்கக் காசு கொடுத்து ஒரு உறுப்பை வாங்கி மாட்டிவிட்டு, அதற்குச் சார்பு என்று பெயர் வைத்தால் எப்படி? கேசட் டெக்கிலும் பயாஸ் உண்டு. பதிவு செய்யும்போது பாட்டோடு சேர்த்து, காதுக்கு எட்டாத 100 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் அலையை நாடாவுக்குக் கொடுப்பார்கள். அதையும் சார்பு என்று எழுதிப் பாருங்கள். அந்த அலை எதைச் சார்ந்திருக்கிறது என்று தேடிக் களைத்துப்போவீர்கள்.

'சாய்வு' என்று எழுதலாமே என்பார்கள். எளிய சொல், பிரெஞ்சு மூலத்துக்கும் நெருக்கம். நானும் கொஞ்ச நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வால்வின் மின்னழுத்த-மின்னோட்ட வரைபடத்தை எடுத்து அதன் மேல் சுமைக்கோடு ஒன்றை இழுத்துப் பாருங்கள். கோட்டின் சாய்வு (கணக்குப் புத்தகச் சாய்வு) சுமை மின்தடையைச் சொல்கிறது. அந்தக் கோட்டின் மேல் எந்தப் புள்ளியில் உட்கார்கிறோம் என்பதைச் சொல்வது பயாஸ். ஒரே தாளில் இரண்டையும் சாய்வு என்றால் கற்றுக்கொடுப்பவனுக்கே தலை சுற்றும்.

பதில் இலங்கையில் இருக்கிறது. அங்கே உயர்தர வகுப்புப் பிள்ளைகள் டையோடை இருவாயி என்கிறார்கள். அதற்கு முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என்று படிக்கிறார்கள். கோடல்! முதலில் கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. கோடு என்றால் வளை, ஒரு பக்கம் சரி. வளைந்திருப்பதால் யானைத் தந்தம் கோடு, வளைந்த வெட்டுக்கத்தி கொடுவாள். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் தராசுக் கோலை வைத்தே சொல்லியிருக்கிறார். புல்வெளிப் பந்தின் வளைவு, துணியின் மூலைவாட்டு, தராசுக் கோலின் சரிவு, மனத்தின் சரிவு, எல்லாம் இந்த ஒரு வினைக்குள் அடங்குகின்றன. ஆங்கிலச் சொல் நடந்த பாதை முழுவதையும் தமிழில் ஒரு சொல் ஏற்கெனவே நடந்து முடித்திருக்கிறது. நாம்தான் புதுச் சொல் தேடி அலைகிறோம்.

குறளில் கோடாமைதானே அணி, அப்படியானால் கோடல் குற்றம் ஆகிவிடாதா? சான்றோருக்குக் குற்றம். வால்வுக்கு இல்லை. வால்வு சரியான அளவு கோடாவிட்டால்தான் பாட்டு கெடும்.

அதே வினையிலிருந்து வரும் 'கோட்டம்' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கோட்ட மின்னழுத்தம் என்று எழுதினால் மின்வாரியக் கோட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். கோடலுக்கும் வேறு பொருள்கள் உண்டு: வெண்காந்தள் பூ, கொள்ளுதல். ஆனால் மாஸ்ஃபெட் பக்கத்தில் காந்தளை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

நான் தனித்தமிழ்ப் பிடிவாதக்காரன் இல்லை. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் போய் "ஒன்பது முனை வெற்றிடக்குழல் பொருத்துவாய் கொடுங்கள்" என்று நான் கேட்டதில்லை. நைன் பின் சாக்கெட் என்றுதான் கேட்பேன். வால்வு ரேடியோ ரிப்பேர் செய்த பெரியவர்கள் பயாஸ் என்றே சொன்னார்கள், அதில் ஒரு குழப்பமும் வரவில்லை. பேச்சுக்குப் பயாஸ் போதும். எழுத்தில் தமிழாக்கியே தீருவேன் என்பவர்கள், சாலிடரிங் அயர்னை ஒரு தடவையாவது கையில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதினால் புண்ணியமாகப் போகும். அந்தத் தம்பி அனுப்பிய குறிப்பில் கிரவுண்டு 'தரை' ஆகியிருந்தது, கெயின் 'ஆதாயம்' ஆகியிருந்தது, பிளேட் 'சாப்பாட்டுத் தட்டு' ஆகாமல் தப்பித்தது அதிசயம். ஹைப்ரிட் 'கலப்பின' ஆகியிருந்ததை மட்டும் மன்னித்துவிட்டேன். லத்தீனில் அந்தச் சொல்லே வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்ததுதான்.

தம்பியின் ஆம்ப்புக்கு வருவோம். ஐஆர்எஃப்510க்குக் கீழே 250 மில்லிஆம்பியரை நிலையாக இழுக்க எல்எம்317 என்ற ரெகுலேட்டர் ஐசி ஒன்று, 5 ஓம் மின்தடையோடு உட்கார்ந்திருக்கிறது. அது வேலை செய்ய ஏறக்குறைய 3 வோல்ட்டாவது வேண்டும். சோர்ஸை 2 வோல்ட்டில் வைத்தால் அதற்கு மூச்சு முட்டும், அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்படும். அதுதான் கரகரப்பு. இரண்டு பிரிசெட்டையும் மெதுவாகத் திருப்பி, சோர்ஸில் 6 வோல்ட், அதாவது சப்ளையில் பாதி வரும்வரை ஏற்றச் சொன்னேன். ஏறியதும் கரகரப்பு போய்விட்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு மாஸ்ஃபெட்டிலும் ஒன்றரை வாட் சூடு இறங்கும். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) போதவில்லை என்றால் பத்து நிமிடத்தில் அளவு நகர்ந்துவிடும், சூடானபின் மறுபடி அளந்து பார் என்றும் சொன்னேன்.

அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு வேறு யாராவது கட்டிக்கொண்டிருந்தால், ஏழாவது படியில் 'பாரபட்சத்தை அகற்றவும்' என்று ஒரு வரி வருகிறது. தயவுசெய்து அகற்றிவிடாதீர்கள். அது டம்மி லோடை (சோதனைக்காக ஹெட்போனுக்குப் பதில் மாட்டிய மின்தடை) கழற்றச் சொல்லும் இடம். பயாஸ் பிரிசெட்டைத் தொட வேண்டியதில்லை.