தேன் குப்பியும் கால் பெருவிரலும்

களியக்காவிளையிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "நள்ளிரவில் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது. கௌட் என்கிறார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம். சாளையும் ஈரலும் நிறுத்தியாயிற்று. செர்ரி, புளூபெர்ரி சாப்பிட்டால் குணமாகுமா? அவற்றின் விலை வேறு தனி வலி."

உணவிலும் நம் செல்களிலும் உள்ள பியூரின் என்ற வேதிப்பொருள் உடைந்து யூரிக் அமிலமாகும். சிறுநீரகம் கழித்தது போக மிச்சம் இரத்தத்தில் தேங்கும். இது பள்ளிப் பாடம். ஆனால் அது ஏன் பெருவிரலைத் தேடிப் போகிறது?

மார்த்தாண்டத்துத் தேன் குப்பியை எடுத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டத்துத் தேன் சீக்கிரமே அடியில் வெள்ளை வெள்ளையாக உறைந்துவிடும். சீனிப்பாகு கலந்துவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பாவம், அவர்மேல் பிழையில்லை. அளவுக்கு மீறிக் கரைந்திருந்த குளுக்கோஸ் படிகமாகிறது, அவ்வளவுதான். வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட்டும் இப்படித்தான். 37 டிகிரி செல்சியஸில் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராம் கரைந்து நிற்கும். 35 டிகிரியில் 6. 30 டிகிரியில் வெறும் 4.5. இதயத்துக்கு எட்டாத தொலைவில் குளிர்ந்து கிடக்கும் மூட்டு பெருவிரலுடையது. அங்கே ஊசி ஊசியாகப் படிகம் இறங்குகிறது. காவலிருக்கும் எதிர்ப்பு அணுக்கள் அந்த ஊசிகளை விழுங்கிவிட்டு, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதத்தைக் கக்கி ஊரைக் கூட்டுகின்றன. வீக்கமும் வலியும் அந்தக் கூட்டத்தின் கைவரிசை.

இனி பழம். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 633 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. இரண்டு நாள் செர்ரி சாப்பிட்ட காலத்தில் வலி தாக்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. செர்ரிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. செர்ரியின் கருஞ்சிவப்பு நிறமியான ஆந்தோசயனின் வலியைக் குறைக்கலாம் என்று ஒரு சந்தேகம். நாவல்பழம் தின்றால் நாக்கை ஊதாவாக்குவதும் அதே குடும்பத்து நிறமிதான். செர்ரி ஆய்வுகளுக்குப் பணம் போடச் செர்ரி வளர்ப்போர் இருக்கிறார்கள். ஆடி மாதம் தெருவோரத்தில் நாவல் கூறுகட்டி விற்கும் பாட்டியா ஆய்வுக்கூடத்துக்குக் காசு கட்டுவார்? அரசுதான் கட்ட வேண்டும்.

எந்தப் பழமானாலும் ஒரு கைப்பிடி, முழுதாகத் தின்னுங்கள். சாறாக்கிச் சீனி போட வேண்டாம்: சீனியிலும் பழச்சாற்றிலும் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் அவசரத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறை ஈரல் செலவழிக்கிறது; அதன் எச்சம் யூரிக் அமிலமாகவே முடிகிறது. 9-ஐ 6-க்குக் கீழே இறக்குவது மருத்துவர் தரும் மாத்திரையின் வேலை. பழத்தை நம்பி அதை நிறுத்தாதீர்கள்.

தேனிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஃபிரக்டோஸ்தான். குப்பியை உதாரணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.