குதிரைத்திறனுக்குப் பின்னால் ஓடும் பெட்ரோல்

எஞ்சினின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் காற்றைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பெரிய டர்போ, அகன்ற வால்வுகள், தடையில்லாத புகைப்போக்கி ஆகிய எல்லாமே சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதற்கான வழிகள். ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் உரிய பங்கு பெட்ரோல் அதே கணத்தில் வந்து சேர வேண்டும். அந்தப் பங்கைக் கொண்டுவரும் பம்ப், குழாய், வடிகட்டி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஆகியவற்றின் மேல் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் எந்த அழுத்தத்தில், எந்த மின்னழுத்தத்தில் அளக்கப்பட்டது என்று கேட்காமல் பாகங்களை வாங்குவதுதான் இத்துறையில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் என்பது என் கருத்து.

கணக்கைத் தொடங்குவது எளிது. டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் முழுத் திறனில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோலைக் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 600 குதிரைத்திறன் வேண்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோ, அதாவது 220 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் ஓட வேண்டும். நிமிடத்திற்கு மூன்றரை லிட்டருக்கும் அதிகம். எந்தக் காரும் ஒரு மணி நேரம் அப்படி ஓடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஓடும் பத்து விநாடிகளுக்கும் அதே வேகத்தில்தான் பெட்ரோல் வந்தாக வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் இந்த விஷயத்தின் தீவிரம் இருக்கிறது. பெட்ரோல் மிச்சமின்றி எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று போதும். ஆனால் டர்போ எஞ்சின்கள் முழுச் சுமையில் 12 மடங்கை ஒட்டியோ அதற்கும் சற்றுக் கீழாகவோதான் ஓட்டப்படுகின்றன. தேவைக்கு மேல் தெளிக்கப்படும் அந்தப் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் குளிர்ச்சி குறைந்தால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. நாக்கிங் எனப்படும் இந்த வெடிப்பு தொடர்ந்தால் பிஸ்டன் உடையலாம், உருகவும் செய்யலாம். மெதுவாக ஓட்டும்போது பம்ப் தன் திறனில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் குறை எதுவும் வெளியே தெரியாது. எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் பற்றாக்குறை தலைகாட்டும்.

இன்ஜெக்டர் வழியே எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் வேறுபாடு. பாய்வின் அளவு அந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் பொதுக்குழாயில் 3 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் டர்போ 1.5 பார் அழுத்தத்தை ஏற்றினால் பெட்ரோலைத் தள்ள மீதமிருப்பது பாதி அழுத்தம்தான். பாய்வு 71 சதவீதமாகச் சரிந்துவிடும். இதைத் தடுக்கவே, பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிய குழாய் இணைக்கப்படுகிறது. காற்றழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவே பெட்ரோலின் அழுத்தமும் ஏறி, வேறுபாடு எப்போதும் 3 பாராகவே நிற்கும்.

இந்த ஏற்பாடு இன்ஜெக்டரின் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் அதன் சுமை பம்பின் தலையில் விழுகிறது. பம்ப் இப்போது 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். மின்சாரப் பம்ப் எதுவானாலும் எதிரழுத்தம் ஏற ஏற அதன் பாய்வு குறையும். 3 பாரில் மணிக்கு 255 லிட்டர் தரும் பம்ப் 5 பாரில் 200 லிட்டரை ஒட்டி இறங்கிவிடக்கூடும். நமக்குத் தேவை 220. அட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவருக்குப் போதுமானதாகத் தோன்றிய பம்ப், வேலை செய்ய வேண்டிய இடத்தில் போதாததாகிவிடுகிறது.

மின்சாரமும் இதே வஞ்சனையைச் செய்யும். பம்புகள் பொதுவாக 13.5 வோல்ட்டில் சோதிக்கப்படுகின்றன. பழைய மெல்லிய கம்பி, துருவேறிய இணைப்பு, களைத்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஆகியவற்றைக் கடந்து பம்பை அடையும்போது 12 வோல்ட்தான் மிஞ்சியிருந்தால், பாய்வு பத்து சதவீதத்திற்கும் மேல் குறையலாம். பெரிய பம்பை வாங்குவதற்கு முன் தடித்த கம்பியும் தனி ரிலேயும் போட்டுப் பார்ப்பது செலவு குறைந்த, பலரும் தவிர்த்துவிடும் மேம்பாடு. இங்கே இன்னொரு சுவையான கணக்கும் உண்டு. மணிக்கு 220 லிட்டரை 4.5 பார் அழுத்தத்தில் தள்ளுவதற்கு உண்மையில் தேவைப்படும் திறன் 28 வாட்டுக்கும் குறைவு. ஆனால் இத்தகைய பம்ப் 15 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் எடுத்தால் அது 200 வாட். மிச்சமெல்லாம் வெப்பமாகப் பெட்ரோலுக்குள்ளேயே போகிறது. எஞ்சின் கேட்காதபோதும் பம்ப் முழு வேகத்தில் சுழன்று, தள்ளிய பெட்ரோல் டேங்குக்கே திரும்பி வந்துகொண்டிருந்தால், டேங்கின் சூடு மெல்ல மெல்ல ஏறும். சூடேறிய பெட்ரோல் பம்பின் உறிஞ்சும் வாயிலேயே குமிழிடத் தொடங்கும். ஒரே ராட்சதப் பம்பை எப்போதும் ஓடவிடுவதைக் காட்டிலும் இரண்டு நடுத்தரப் பம்புகளை வைத்து, தேவைப்படும்போது மட்டும் இரண்டாவதை முடுக்குவதோ, பம்பின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கணினி மாற்றுவதோ மேல் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் வாயில் பெட்ரோல் இருந்தாக வேண்டும். கார் வேகமாக வளைவில் திரும்பும்போது டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு பக்கமாக ஏறிக்கொள்ள, பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது முதல் தீர்வு. பந்தயக் கார்களில் இன்னும் ஒரு படி மேலே போய், ஓரிரு லிட்டர் கொள்ளும் சிறிய இடைத்தொட்டி ஒன்றை வைக்கிறார்கள். டேங்கில் உள்ள சிறு பம்ப் இத்தொட்டியை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும். பெரிய பம்ப் இதிலிருந்து எடுக்கும். டேங்குப் பம்ப் இரண்டு மூன்று விநாடிகள் காற்றைக் குடித்தாலும் எஞ்சினுக்கு அது தெரியாது.

இனி இன்ஜெக்டர். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று 220 லிட்டரைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் நிமிடத்திற்கு 917 சிசி பங்கு வரும். இன்ஜெக்டர் எப்போதும் திறந்தே இருக்க முடியாது; கிடைக்கும் நேரத்தில் 85 சதவீதத்திற்கு மேல் திறந்திருந்தால் மூடித் திறப்பதற்கு அவகாசமில்லாமல் அளவு தாறுமாறாகிவிடும். ஆகவே நிமிடத்திற்கு 1,100 சிசி அளவுள்ள இன்ஜெக்டர் வேண்டும். நிமிடத்திற்கு 7,200 சுற்றுகளில் இரண்டு சுற்றுகள் கொண்ட ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. அதில் சுமார் 14 மில்லி விநாடி இந்த இன்ஜெக்டர் திறந்திருக்கும். அதே இன்ஜெக்டர் கார் நின்றபடி உறுமும்போது என்ன செய்ய வேண்டும்? மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 800 சுற்றுகளில் ஓடும் எஞ்சினுக்கு அது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.6 மில்லி விநாடி அளவுக்கே தெளிக்க வேண்டும். மின்சாரம் வந்த பிறகு ஊசி எழும்புவதற்கே ஒரு மில்லி விநாடியை ஒட்டிய தாமதம் ஆகும் என்பதையும், பேட்டரியின் மின்னழுத்தம் மாறினால் அத்தாமதமும் மாறும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய இன்ஜெக்டர் போட்ட கார்கள் சிக்னலில் நிற்கும்போது ஏன் இருமித் தள்ளாடுகின்றன என்பது விளங்கும். அந்தத் தாமத அட்டவணையை எஞ்சின் கணினியில் சரியாக நிரப்பினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

குழாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டி 100 மைக்ரான் அளவில் தளர்வாகவும், பின்னால் உள்ளது 10 மைக்ரான் அளவில் நெருக்கமாகவும் இருப்பது நல்லது. உறிஞ்சும் பக்கத்தில் சிறிது தடை ஏற்பட்டாலும் குமிழ்கள் உண்டாகிவிடும்.

85 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளுக்கு மாறுவோரின் கணக்கு முழுவதும் புதிதாகப் போடப்பட வேண்டும். அது முழுமையாக எரிய ஏறத்தாழ 9.8 மடங்கு காற்றே போதும். ஆகவே அதே காற்றுக்குக் கன அளவில் 30 முதல் 40 சதவீதம் வரை கூடுதல் எரிபொருள் தேவை. 220 லிட்டர் இப்போது 300 லிட்டர் ஆகிவிடும். பதிலாக, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சுவதால் நாக்கிங் வெகுவாகக் குறைகிறது. சாதாரண ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கக்கூடும் என்பதால் உட்புறம் டெஃப்லான் பூசிய குழாய்கள் பயன்படுத்தப்படுகின்றன.

சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கும் நவீன எஞ்சின்களில் நிலைமை வேறு. 200 முதல் 350 பார் வரை அழுத்தம் தரும் பம்பை அங்கே, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் இயக்குகிறது. மேனிஃபோல்டில் தெளிக்கும் இன்ஜெக்டருக்குச் சுழற்சி முழுவதும் நேரம் உண்டு. இதற்கோ காற்று உள்ளே வரும் வீச்சையும் அதையடுத்த சிறு பொழுதையும் விட்டால் வேறு நேரமில்லை. 6,000 சுற்றுகளில் ஒரு வீச்சுக்கு 5 மில்லி விநாடிதான். இதனால் உயரழுத்தப் பம்பைப் பெரிதாக்குவதோடு நிற்காமல், மேனிஃபோல்டில் இரண்டாவது இன்ஜெக்டர் வரிசை ஒன்றைச் சேர்ப்பதும் வழக்கமாகியுள்ளது. டேங்கில் உள்ள பம்ப் போதாமல் போனால் உயரழுத்தப் பம்பும் பட்டினி கிடக்கும் என்பதால் அதையும் கூடவே கவனிக்க வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின் பொதுக்குழாயில் ஓர் அழுத்த உணரியை வைத்து, அதன் அளவிலிருந்து மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கழித்து, எஞ்சின் முழுச் சுமையில் ஏறும்போது அந்த வேறுபாட்டைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். கோடு தட்டையாக இருந்தால் பம்பும் கம்பியும் வடிகட்டியும் ஈடுகொடுக்கின்றன என்று பொருள். உயர் சுற்றுகளில் அது சாயத் தொடங்கினால், வேறுபாடு அரை பார் குறைந்த உடனே டர்போவின் அழுத்தத்தை வெட்டிவிடும்படி கணினிக்குக் கட்டளை எழுதி வைக்கலாம். கலவையை அளக்கும் ஆக்சிஜன் உணரி புகைக்குழாயில் செய்தியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே இந்தக் கட்டளை வேலை செய்துவிடும்.