மடக்கு (லூப்)

இலங்கை மலையகத்தில் 'லூப்' என்றால் தெமோதரை. பதுளைக்கு இறங்கும் புகையிரதம் தெமோதரை நிலையத்தை விட்டதும் குன்றைச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழையும். 1924இல் பதுளையை எட்டிய பாதை இது. வந்த இடம் அதேதான், மட்டம் மட்டும் இறங்கியிருக்கும். கணினி நிரலில் (கட்டளைத் தொகுப்பில்) வரும் லூப்பையும் இப்படியே விளங்கிக்கொள்ளலாம்: அதே கட்டளைக்குத் திரும்புகிறோம், ஆனால் எண்ணியின் பெறுமானம் மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் இச்சொல் கயிற்றை வளைத்துப் போடும் கண்ணியைக் குறிக்கும். 1843இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஏடா லவ்லேஸ், திரும்பத் திரும்பச் செய்யும் கணிப்புத் தொகுதியை 'சைக்கிள்' என்றே எழுதினார்.

தமிழில் 'வளையம்' வடிவத்தை மட்டும் சொல்கிறது. 'சுழற்சி' முடிவில்லாதது போல ஒலிக்கிறது. நம் பாடங்களில் வழங்கும் 'மீள்செயல்' செயலுக்குப் பொருத்தமான சொல். அதை மாற்ற வேண்டியதில்லை. கட்டமைப்புக்குத் தமிழகப் பாடநூல்கள் தரும் 'மடக்கு' மிகச் சிறந்தது. மடங்கு, மடக்கு இரண்டும் ஒரே வேர். 'மும்மடங்கு' என்பதில் மடிப்பே எண்ணிக்கையாகிறது. தண்டியலங்காரம் சொல்லும் மடக்கணியில் அதே எழுத்துக்கூட்டம் திரும்ப வந்து வேறு பொருள் தரும். அதே வரி, வேறு பெறுமானம்: இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது.

நட்சத்திரக் கோலம் அச்சிடும் பயிற்சியில் இது தெளிவாகும். பைதன் நிரல்மொழியில் ஒரே மடக்கு போதும் (தட்டும்போது ஆங்கில எழுத்து):

ஃபார் ஐ இன் ரேஞ்ச்(1, 6):
    பிரின்ட்("*" * ஐ)

இங்கே 'ஐ' என்பதே எண்ணி. ஐந்து நிரைகள், மொத்தம் 15 நட்சத்திரங்கள். தேயிலைக் கொழுந்து மலையில் 'நெரை' என்கிறோமே, அதே நிரைதான். ரேஞ்ச்(5) என்று போட்டால் எண்ணி 0இல் தொடங்கும். முதல் நிரை வெறுமையாகும், கடைசி நிரையில் நான்குதான் விழும். பிரின்ட் வரியை இடப்பக்கம் ஒட்டி எழுதினால் மடக்குக்கு உடல் இல்லையென்று பிழை வரும். இன்புட்டில் வாங்கிய எண் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) வரும். அதை இன்ட் (முழு எண்) ஆக மாற்றாவிட்டால், சரத்தைச் சரத்தால் பெருக்க முடியாமல் நிரல் நின்றுவிடும். பாஸ்கல் என்ற நிரல்மொழியில் இப்படிப் பெருக்க வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சரத்தோடு ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்து ரைட்எல்என் (அச்சிட்டு அடுத்த வரிக்குப் போகும் கட்டளை) கொடுக்க வேண்டும். ரைட் மட்டும் கொடுத்தால் பதினைந்தும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும்.

கூம்பு வேண்டுமானால்: " " * (5 - ஐ) + "*" * (2 * ஐ - 1). எழுத்துரு சம அகலமுடையதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கூம்பு சாயும்.

தமிழ்ச் சொல்லை வைத்துச் செய்யும்போதுதான் உண்மையான சிக்கல். "தேயிலை" நமக்கு மூன்றெழுத்து. உயிர்மெய்க் குறிகளையும் தனியாக எண்ணுவதால் பைதனுக்கு ஆறு. இந்த ஆறில் முதல் ஒன்று, முதல் இரண்டு என ஒவ்வொன்றாகக் கூட்டி வெட்டி அச்சிட்டால் த, தே, தேய, தேயி, தேயில, தேயிலை என்று ஆறு நிரைகள் வரும். இரண்டிரண்டாகத் தாவினால் இந்தச் சொல் சரியாகும். ஆனால் "மலை"யில் 'ம'வுக்குக் குறி இல்லாததால் முதல் நிரையே 'மல' என்று வந்துவிடும். எழுத்துகளை ["தே", "யி", "லை"] எனப் பட்டியலாக்கி, முதல் ஐ உறுப்புகளை ஜாயின் மூலம் சேர்த்து அச்சிடுங்கள்.