பாம்புக்கடிக்கு பிளேடு வேண்டாம்: காட்டுக்குப் போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓர் இளைஞரை நண்பர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலை இறங்கும்போது கணுக்காலுக்குச் சற்று மேலே பாம்பு கடித்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு ரப்பர் பட்டை, விரல் நுழைய முடியாத அளவுக்கு இறுக்கி, இரண்டு மணி நேரமாக அப்படியே இருந்தது. கால் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தது. கடித்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு வெட்டு. பட்டை, பிளேடு, விஷத்தை உறிஞ்சுவதாகச் சொல்லும் சின்ன ரப்பர் குமிழ் எல்லாமே ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. ஆன்லைனில் வாங்கிய ‘சர்வைவல் கிட்’.

நண்பர்களில் ஒருவர் எட்ட நின்று பாம்பைப் படம் எடுத்திருந்தார். அது சாரைப்பாம்பு. விஷமே கிடையாது. இருந்தாலும் படத்தை மட்டும் நம்பி அனுப்பிவிட முடியாது என்பதால் இரத்தம் உறைகிறதா என்று சோதித்தோம், ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தோம். விஷத்தின் அறிகுறி ஒன்றும் வரவில்லை. ஆனால் பிளேடு தசைநாணை அறுத்திருந்தது. அதற்கு அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, பல வாரம் வேலைக்குப் போக முடியாத நிலை. அந்தப் பையனுக்கு நேர்ந்த அத்தனை கேடும் அவருடைய கிட்டிலிருந்து வந்தது.

இது முதல் ஆள் என்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மலையேறும் பருவம் வந்தாலே இப்படி ஒருவர் வந்துவிடுகிறார். அதனால் பையில் எதை வைப்பது என்று சொல்வதற்கு முன்னால் எதை வைக்கக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

பாம்பின் பல் ஊசி மாதிரி. விஷம் தோலுக்கு மேலே தேங்கி நிற்பதில்லை. உள்ளே போய்த் திசுக்களில் பரவிவிடுகிறது. வாயை வைத்து உறிஞ்சினாலும் குமிழை வைத்து உறிஞ்சினாலும் வெளியே வருவது உங்கள் இரத்தமும் நிணநீரும்தான். மணலில் ஊற்றிய எண்ணெயைத் திரும்ப வாயால் உறிஞ்சி எடுக்க முடியுமா? அதே கதைதான் இதுவும். அடுத்து, வெட்டுவது. நம் ஊரில் அதிகம் கடிக்கிற விஷப்பாம்புகளில் ஒன்று கண்ணாடி விரியன். அதன் விஷம் இரத்தத்தை உறைய விடாமல் செய்துவிடும். உறையாத இரத்தம் உள்ள ஒருவரின் காலில் பிளேடு போட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இறுக்கிக் கட்டுவதும் அப்படித்தான். விரியனின் விஷம் சதையை அரிக்கக்கூடியது. கட்டுப் போட்டால் அது மொத்தமும் ஒரே இடத்தில் தங்கிச் சதையை அழுகவைக்கும். வழியில் யாராவது கட்டைச் சட்டென்று அவிழ்த்துவிட்டால் நோயாளி எங்கள் கண்முன்னாலேயே சரிந்துவிடலாம். கட்டோடு வருகிறவர்களுக்கு நாங்கள் விஷமுறிவு மருந்தை ஏற்ற எல்லாம் தயார் செய்துகொண்டுதான் மெதுவாகக் கட்டைத் தளர்த்துவோம்.

“இல்லை டாக்டர், எங்க மாமாவுக்கு இப்படித்தான் வெட்டிக் கட்டினோம், பிழைச்சிட்டார்” என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்கிறார்கள். பிழைத்திருப்பார், நான் மறுக்கவில்லை. கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அந்த ஆட்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் பிழைத்திருப்பார்கள். ஆனால் வெட்டியதால் பிழைத்தார் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையோடு அடுத்த ஆளை, உண்மையிலேயே விஷம் ஏறிய ஆளை வெட்டுகிறது. மிளகாயைக் கடிக்கவைத்துப் பார்ப்பது, விஷக்கல்லை ஒட்டவைப்பது, வேப்பிலை தின்னக் கொடுப்பது எல்லாம் இதே வகைதான். ஒவ்வொன்றும் மருத்துவமனைக்கு வருவதை அரை மணி, ஒரு மணி என்று தள்ளிப்போடுகிறது.

சரி, வேறு என்ன செய்வது? கடிபட்டவரை உட்காரவையுங்கள். மோதிரம், கொலுசு, காப்பு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போலவே ஒரு கம்பை வைத்து, துண்டாலோ கிரேப் பேண்டேஜாலோ கால் அசையாதபடி கட்டுங்கள். ஒரு விரல் எளிதாக உள்ளே நுழைய வேண்டும். அவரை நடக்கவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சிக்னல் கிடைத்ததும் 108. கடித்த நேரத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாம்பைத் துரத்திப் பிடித்து வர வேண்டாம். அது இரண்டாவது ஆளையும் கடிக்கும்.

விஷமுறிவு மருந்தையே கிட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். முடியாது. அது இரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டிய மருந்து. முதல் தவணைக்கே எட்டு முதல் பத்துக் குப்பி தேவைப்படும். சிலருக்கு அந்த மருந்தே ஒவ்வாமையால் உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்பதால் பக்கத்தில் அட்ரினலின் ஊசியை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்போம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான் அது வேலை செய்யும். இந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்து வருவது, 1978-ல் தொடங்கப்பட்டு மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பை அவ்வளவு அறிந்த அந்த மக்களின் உழைப்பில் வந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும்போது, பிளேடை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ஆன்லைன் பெட்டியில் பிறகு என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? மீன் பிடிக்கும் தூண்டில் முள், மரம் அறுக்கும் கம்பி, தீப்பொறி பறக்கவைக்கும் உலோகக் குச்சி. வெளிநாட்டுப் பனிக்காட்டில் பத்து நாள் தனியாகத் தவிக்கிறவனுக்காகச் சேர்த்த சாமான்கள். வெள்ளியங்கிரிக்கும் பர்வதமலைக்கும் பொதிகைக்கும் போகிற நமக்கு ஆபத்து வேறு மாதிரி வரும். வழி தவறி இருட்டிவிடும், கால் பிசகும், தண்ணீர் தீர்ந்துபோகும், திடீர் மழையில் ஓடை பெருகி இந்தக் கரையிலேயே நின்றுவிடுவோம். பெரும்பாலும் ஒரே ஓர் இரவு. அந்த இரவைக் கடக்கத்தான் கிட். அது ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குமேல் போனால் இரண்டாவது பயணத்திலேயே வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

தீக்குச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் காற்றோடு தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை அன்று தமிழ்நாடே பார்த்தது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. பிப்ரவரி முதல் மே வரை நம் மலைகளில் புல் வெடிமருந்து மாதிரி இருக்கிறது. குளிருக்கு நெருப்பு மூட்டலாம், புகை காட்டி உதவி கேட்கலாம் என்ற யோசனையே வேண்டாம். சட்டப்படியும் அது குற்றம். லைட்டர், தீப்பெட்டி, உலோகக் குச்சி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்படியானால் குளிருக்கு? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். வெள்ளியங்கிரியில் இதை அடிக்கடி பார்க்கிறோம். பூண்டி அடிவாரத்தில் புழுக்கம் என்று ஒற்றைச் சட்டையோடு ஏறுகிறார்கள். ஆறு மலை ஏறும்வரை வியர்த்து ஊற்றுகிறது. ஏழாவது மலையில் விடியற்காலைக் காற்று அடிக்கும்போது அந்த நனைந்த சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. ஆள் நடுங்குகிறார், பிறகு பேச்சு குழறுகிறது, நடை தடுமாறுகிறது. நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று கூட இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதுதான் மோசமான கட்டம். காய்ந்த பனியன் ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைத்திருங்கள், நின்றதும் மாற்றிக்கொள்ளலாம். வெள்ளித்தாள் மாதிரி மடித்து வரும் அவசரகாலப் போர்வை கைக்குட்டை அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. அதோடு ஒரு பெரிய தடித்த குப்பைப்பை. மழை வந்தால் கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளலாம், ஈரத் தரையில் விரித்து உட்காரலாம். திரும்பும்போது மறக்காமல் கொண்டுவந்துவிடுங்கள். காட்டில் விட்டால் யானை தின்னும்.

அடுத்தது டார்ச். போனில் இருக்கிற விளக்கு டார்ச் ஆகாது. சிக்னல் இல்லாத காட்டில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். அதை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பத்திரமாக வைத்து, தனியாக நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று, மாற்று பேட்டரியோடு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் காலை எங்கே வைக்கிறோம் என்று தெரிந்தாலே பாதிப் பாம்புக்கடி நேராது.

அப்புறம் விசில். இருபது ரூபாய் பிளாஸ்டிக் விசில் போதும், உள்ளே குண்டு இல்லாததாக வாங்கினால் நனைந்தாலும் ஒலிக்கும். கத்திக் கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலை எழுந்து நிற்க முடியாதவர்கூட மணிக்கணக்கில் ஊதலாம். மூன்று முறை ஊதி, சற்று இடைவெளி விட்டு, மறுபடி மூன்று. அதைப் பைக்குள் போடாதீர்கள். கழுத்தில் தொங்கவிடுங்கள், ஏனென்றால் விழுகிறவர் ஒரு பக்கமும் பை இன்னொரு பக்கமும் போய்க் கிடக்கும்.

தண்ணீருக்குக் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையில் இருக்கும், வீட்டிலேயே படித்துவிடுங்கள். சுனைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மேலே என்ன மிருகம் இறங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. கலங்கியிருந்தால் துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. இதில் ஒரு தவறு சலிக்காமல் நடக்கிறது: பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிப்பது, இல்லை தூளை அப்படியே வாயில் போட்டுக்கொள்வது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. அளவு தப்பினால் உப்பு அதிகமாகிக் களைப்பு கூடும். கடலை மிட்டாய் ஐந்தாறு போதும் சாப்பாட்டுக்கு. சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் குளுக்கோஸ் பாக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மருந்து என்று பார்த்தால் மிகக் கொஞ்சம். பாரசிட்டமால், ஒவ்வாமைக்குச் செட்டிரிசின், பேண்டேஜ் துணி, பிளாஸ்திரி, பத்து சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ் இரண்டு, ஒரு முக்கோணத் துணி. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகையறா வேண்டாம், விரியன் கடித்தவருக்கு அவை இரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை மறந்துவிட்டு வருவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நெஞ்சுவலி வந்து சிகிச்சையில் இருப்பவர் தன் இதய மருத்துவரைக் கேட்காமல் செங்குத்து மலைக்குக் கிளம்பக்கூடாது. மலைத்தேனீ கொட்டி முன்பு மூச்சுத் திணறல் வந்தவருக்குச் செட்டிரிசின் போதாது. அவர் போவதற்கு முன் மருத்துவரிடம் அட்ரினலின் பற்றிப் பேசிவிட வேண்டும். அட்டைக்கு ஒரு பிடி உப்பு, துணியில் முடிந்து. கடித்த அட்டையைப் பிய்க்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பினால் வந்துவிடும். இரத்தம் வெகுநேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

ஒரு சிறிய கத்தி இருக்கலாம், துணி வெட்ட, கயிறு வெட்ட. காலை வெட்ட அல்ல.

இன்னொன்று, ஒரு துண்டுக் காகிதம். அதில் உங்கள் பெயர், இரத்த வகை, சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, வீட்டு எண். அதே மாதிரி இன்னொரு காகிதம் வீட்டில்: எந்தப் பாதை, யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியோடு போகிறவர்களைத் தேடுவது எளிது. 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கி, வனத்துறையே ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு அனுப்புகிறது. அனுமதி இல்லாமல் பக்கவாட்டுப் பாதையில் நுழைந்தவரை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக, பெரும்பாலானவர்கள் எங்களிடம் சொல்லத் தவறுவது. காட்டிலிருந்து வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வந்தால் டெங்குவாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் அடங்கிவிடும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கும். பொருக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக “போன வாரம் மலைக்குப் போயிருந்தேன்” என்று சொல்லிவிடுங்கள்.