உங்க எல்சிஏவ ஒரு தடவ எடுத்துப் படிங்க, எச்1பி சண்டை யாருக்காக நடக்குதுன்னு தெரியும்

அமெரிக்காவுல வேலை பாக்கறதுக்கான எச்1பி விசால இருக்கற நம்மாளுங்க கிட்ட நான் மொதல்ல கேக்கறது, உங்க எல்சிஏவ, அதாவது லேபர் கண்டிஷன் அப்ளிகேஷனப் பாத்துருக்கீங்களா? நெறைய பேருக்கு அப்படி ஒரு பேப்பர் இருக்கறதே தெரியாது, தெரிஞ்சவங்களும் "எச்ஆர் ஏதோ பிடிஎஃப் அனுப்பிச்சாங்க, மெயில்ல எங்கயாவது கெடக்கும்"னுவாங்க. நீங்க வேலைக்கு சேர்ற நாளுக்குள்ள அதோட காப்பிய உங்க கையில குடுத்தாகணும்ங்கறது சட்டம். நான் அமெரிக்காவுல இமிக்ரேஷன் கேஸுங்களுக்கு பேப்பர் ரெடி பண்ற வேலை பாக்கறவன், வக்கீல் கெடையாது, அதனால இத லீகல் அட்வைஸா எடுத்துக்காதீங்க. ஆனா எச்1பி ஆளுங்க அமெரிக்கங்க வேலைய பறிக்கறாங்களான்னு நடக்கற சண்டையில டிரம்ப் என்ன சொன்னாரு, மஸ்க் யார் கூட ட்விட்டர்ல மல்லுக்கட்டினாருன்னு பாத்துட்டு இருக்கறத விட, அந்த எல்சிஏல இருக்கற கட்டங்கள யாரு எப்போ கொண்டாந்தாங்கன்னு பாத்தீங்கன்னா விஷயம் சீக்கிரமா பிடிபடும்.

எல்சிஏங்கறது கம்பெனி லேபர் டிப்பார்ட்மென்ட்டுக்கு எழுதிக் குடுக்கற வாக்குமூலம். இந்த வேலைக்கு இந்த ஊர்ல என்ன சம்பளமோ, இல்ல எங்க ஆபீஸ்ல அதே வேலை பாக்கறவனுக்கு என்ன குடுக்கறோமோ, அதுல எது அதிகமோ அதக் குடுப்போம், உள்ளூர் ஆளுங்களோட வேலை நெலமை இதனால கெடாது, இங்க ஸ்ட்ரைக் எதுவும் நடக்கல, ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டிட்டோம், இவ்ளோதான். டிப்பார்ட்மென்ட் 7 வேலை நாளுக்குள்ள ஓகே பண்ணிடும். உள்ள எழுதிருக்கறது உண்மையான்னெல்லாம் அந்த ஸ்டேஜ்ல பாக்க மாட்டாங்க, எல்லாக் கட்டமும் நெரப்பிருக்கா, கண்ணுக்குத் தெரியற தப்பு ஏதாவது இருக்கா, அத மட்டும் பாத்தா போதும்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்கு. பத்திரிகையில பேரும் தேதியும் சரியா இருக்கான்னு பாத்துட்டு பொண்ணு மாப்ளைய பாக்காமலே கல்யாணத்த முடிச்சு வைக்கற மாதிரி.

இன்னொண்ணு. "அமெரிக்கன் யாரும் கெடைக்கலன்னாதான எச்1பி குடுப்பாங்க"ன்னு நம்மாளுங்களும் நெனைக்கறாங்க, இங்க இருக்கறவங்களும் நெனைக்கறாங்க. அப்படி ஒண்ணும் கெடையாது. மொதல்ல உள்ளூர்ல ஆள் தேடிப் பாக்கணும்ங்கற கண்டிஷன் பொதுவா எச்1பிக்கு இல்ல, அது கிரீன் கார்டுக்கு பண்ற பெர்ம்ல (லேபர் சர்டிஃபிகேஷன்ல) வர்றது. எச்1பில அந்தக் கண்டிஷன் ஒரே ஒரு வகை கம்பெனிக்குத்தான் பெருசா பொருந்தும், டிபென்டென்ட் எம்ப்ளாயர்ம்பாங்க, அம்பது பேருக்கு மேல இருக்கற கம்பெனியில 15 சதவீதம் எச்1பியா இருந்தா அந்த லிஸ்ட்ல வந்துரும். அந்தக் கட்டத்தோட கதைய சொல்றேன்.

1990 சட்டத்துல எச்1பிய உண்டாக்குனப்போ வருஷத்துக்கு 65,000 பேருக்கு மேல இல்லன்னு ஒரு கேப் வச்சாங்க. மொத சில வருஷம் அது தீரவே இல்ல. கம்ப்யூட்டர் பூம் வந்து தீர ஆரம்பிச்சதும் கம்பெனிங்க வாஷிங்டன் கதவத் தட்ட, 1998ல ஒரு பேரம் படிஞ்சது. கேப்ப 115,000 ஆக்கறோம், பதிலுக்கு டிபென்டென்ட் கம்பெனிங்க உள்ளூர் ஆள தூக்கிட்டு எச்1பி ஆள வைக்கக் கூடாது, மொதல்ல இங்க ஆள் தேடணும். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழயே ஒரு விலக்கு: அந்த எச்1பி ஆளுக்கு மாஸ்டர்ஸ் டிகிரி இருந்தாலோ, வருஷத்துக்கு 60,000 டாலர் சம்பளம் குடுத்தாலோ இந்தக் கண்டிஷன் எதுவும் கெடையாது. 1998ல 60,000ங்கறது நல்ல சம்பளம். அந்த நம்பர் வெலவாசிக்கேத்த மாதிரி ஏறும்னு யாரும் எழுதல, இன்னிக்கு வரைக்கும் அதே 60,000தான். இப்போ ஐடி வேலையில பெரும்பாலான எல்சிஏ அந்த சம்பளத்த தாண்டித்தான் இருக்கும், விலக்கு கட்டத்துல டிக் அடிச்சுட்டு போயிட்டே இருக்காங்க. சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, அது யார் மேலயும் படாது.

2015ல டிஸ்னி கதை பெருசா அடிபட்டுச்சே, ஆர்லாண்டோவுல சுமார் 250 ஐடி ஆளுங்கள அனுப்பி, போறதுக்கு முன்னாடி வர்றவங்களுக்கு கேடி குடுத்துட்டு, அதாவது வேலைய சொல்லிக் குடுத்துட்டுப் போகச் சொன்னாங்கன்னு. வேலைய எடுத்தது எச்சிஎல்லும் காக்னிசன்ட்டும். அதே வருஷம் சதர்ன் கலிஃபோர்னியா எடிசன்லயும் அப்படித்தான், அங்க டிசிஎஸ், இன்ஃபோசிஸ். டிஸ்னில வேலை போனவர் ஒருத்தர் செனட் கமிட்டி முன்னாடி வந்து பேசும்போது அழுதுட்டாரு. கேஸும் போட்டாங்க, நிக்கல. எப்படி நிக்கும், மேல சொன்ன விலக்கெல்லாம் சட்டத்துல இருக்கறதுதான. இந்த மாதிரி செய்தி வந்தா நம்ம குரூப்ல ஒடனே "நாங்க என்ன பண்ணினோம், திறமை இருக்கு வந்தோம்"னு ஆரம்பிச்சுருவாங்க. கேடி வாங்க உக்காந்த பையன் மேல தப்பில்லதான், அவன் டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க வந்தான். ஆனா எதுத்தாப்ல உக்காந்து சொல்லிக் குடுத்தவனோட கோவத்துல நியாயமே இல்லன்னு சொல்றது எனக்கு சரியா படல.

அடுத்தது சம்பள லெவல். ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் இருக்கும். ஒரு ஊர்ல ஒரு வேலைக்கு எல்லார் சம்பளத்தையும் கீழருந்து மேல வரிசையா நிக்க வச்சா, லெவல் ஒண்ணு 17வது சதவீதத்துல, ரெண்டு 34ல, மூணு சரியா நடுவுல, நாலு 67ல. அதாவது லெவல் ஒண்ணும் ரெண்டும் அந்த ஊர்ல பாதிப் பேரு வாங்கறத விட கம்மி, அத 'நடப்பு சம்பளம்'னு சட்டப்படியே சொல்லிக்கலாம். 2019ல சர்டிஃபை ஆன வேலைங்கள்ல 60 சதவீதம் இந்த ரெண்டு லெவல்னு எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் கணக்கு எடுத்துச்சு, அவங்க தொழிலாளர் பக்கம் சாய்ஞ்ச அமைப்புதான், ஆனா எடுத்தது லேபர் டிப்பார்ட்மென்ட்டோட டேட்டாலருந்து. நான் பாக்கற பேப்பர்லயும் இது சகஜம், ரெஸ்யூமேல டீம் லீட், க்ளையன்ட் லெட்டர்ல சீனியர் ஆர்க்கிடெக்ட், எல்சிஏல மட்டும் லெவல் ரெண்டு.

2020 அக்டோபர்ல டிரம்ப் அரசாங்கம் இந்த லெவல ஒரே நாள்ல 45, 62, 78, 95ன்னு தூக்கிச்சு. யு.எஸ். சேம்பர் ஆஃப் காமர்ஸும் பெரிய யுனிவர்சிட்டிங்களும் கோர்ட்டுக்குப் போனாங்க, டிசம்பர் 1ம் தேதி கலிஃபோர்னியா ஜட்ஜ் அத ரத்து பண்ணிட்டாரு, பொதுமக்கள் கருத்து கேக்காம அவசரமா கொண்டாந்தது தப்புன்னு. அப்போ எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு, ஏன்னா ரின்யூவலுக்கு நிக்கறவங்க சம்பளம் ராத்திரியோட ராத்திரியா அந்த நம்பருக்கு ஏறாது, விசாதான் போகும். ஆனா அதுக்கப்புறம் நடந்தத கவனிங்க. கொஞ்சம் கொறச்சு 2021 ஜனவரில வந்த அடுத்த விதியும் கோர்ட்ல போயிருச்சு, பழைய 17-34 அப்படியே நின்னுச்சு. கேப்ப ஏத்தச் சொல்லி பில் கேட்டவங்க, 1998ல வச்ச அந்த 60,000த்தையும் லெவல் ஒண்ணையும் ஏத்தச் சொல்லி அதே வேகத்துல எங்கயாவது கேட்டாங்களா?

கம்பெனின்னாலே எல்லாம் ஒரே கட்சின்னும் நெனச்சுக்காதீங்க. 2013ல செனட்ல 68-32ன்னு பாஸான பெரிய இமிக்ரேஷன் பில்ல எச்1பி கேப் 115,000லருந்து 180,000 வரைக்கும் போற மாதிரி இருந்துச்சு, கூடவே டிபென்டென்ட் கம்பெனி தன்னோட ஆள க்ளையன்ட் எடத்துல உக்கார வைக்கக் கூடாதுன்னும் இருந்துச்சு. முதல் பாதி மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் மாதிரி கம்பெனிங்களுக்கு வேணும், ரெண்டாவது பாதிய எதுத்து இந்திய ஐடி கம்பெனிங்களோட சங்கமான நாஸ்காம் வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த வருஷந்தான் ஜக்கர்பெர்க்கெல்லாம் சேந்து எஃப்டபிள்யூடி.யுஎஸ்னு இமிக்ரேஷனுக்காக லாபி பண்ற ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. கடைசில அந்த பில் அமெரிக்க காங்கிரஸோட இன்னொரு சபையான ஹவுஸ்ல ஓட்டுக்கே வரல. இன்னொரு பக்கம் கிராஸ்லி, டர்பின்னு ரெண்டு செனட்டர், ஒருத்தர் ரிபப்ளிகன் ஒருத்தர் டெமாக்ரட், 2007லருந்து ஓட்டைய அடைக்கறதுக்கு ஒரு பில்ல திரும்பத் திரும்பப் போட்டுட்டே இருக்காங்க, அது நகரவே இல்ல. யாரு எதுக்கு லாபி பண்றாங்கன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரிப்போர்ட் குடுக்கணும்ங்கறது சட்டம், செனட் வெப்சைட்ல யார் வேணா தேடிப் பாக்கலாம், உங்க கம்பெனி பேரப் போட்டுப் பாருங்க.

நியாயமா இதையும் சொல்லணும். 2000ல கேப்ப 195,000 ஆக்குன அதே சட்டத்துலதான் கம்பெனி மாறுறவங்க புது பெட்டிஷன் போட்ட ஒடனே வேலைக்கு சேரலாம்ங்கறதும், கிரீன் கார்டு லைன்ல இருந்தா எச்1பியோட ஆறு வருஷ லிமிட்டத் தாண்டி நீட்டிக்கலாம்ங்கறதும் வந்துச்சு. இன்னிக்கு நம்மாளுங்க லட்சக்கணக்குல இங்க இருக்கறதே அந்த ரெண்டு வரியால. கம்பெனி லாபமும் நம்ம லாபமும் ஒத்துப்போன எடம் அது.

ஒத்துப்போகாத எடம் கிரீன் கார்டு. வேலை வழியா வருஷத்துக்கு 140,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம், இந்தியா லைன் எங்கயோ போய் நிக்குது. 2019ல அந்த நாட்டு லிமிட்ட எடுக்கற பில் ஹவுஸ்ல 365-65ன்னு பாஸாச்சு, பல டெக் கம்பெனிங்களும் ஆதரிச்சாங்க, சட்டமாகல. அதனால நம்மள காக்க வைக்கத்தான் கம்பெனிங்களுக்கு ஆசைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா காத்திருக்கறவன் சம்பள உயர்வு கேக்கவும் பயப்படுவான், வேலை மாறவும் பயப்படுவான், ஏன்னா புது கம்பெனில பெரும்பாலும் மறுபடி பெர்ம்லருந்து ஆரம்பிக்கணும். அந்த பெர்ம் எப்படி நடக்குதுன்னு வெளிய தெரிஞ்சதே கேஸ் வந்ததாலதான்: ஃபேஸ்புக் 2021ல 14.25 மில்லியன் டாலர், ஆப்பிள் 2023ல 25 மில்லியன் டாலர்னு அரசாங்கத்தோட செட்டில் பண்ணாங்க. வழக்கமா எல்லா வேலைக்கும் ஆன்லைன்ல அப்ளை பண்ணச் சொல்றவங்க, பெர்ம் வேலைக்கு மட்டும் தபால்ல அனுப்புன்னாங்கன்னு குற்றச்சாட்டு.

நம்ம பக்கத்து அழுக்கையும் மூடி மறைக்க வேணாம். கேப்ப விட அதிகம் பேர் கேக்கறதால யாருக்குன்னு குலுக்கிப் போடற லாட்டரில 2023ல தகுதியான ரெஜிஸ்ட்ரேஷன் 7.6 லட்சம், அதுல நாலு லட்சத்துக்கு மேல ஒரே ஆளுக்கு பல கம்பெனி போட்டது. பத்து டாலர்தான ஃபீஸ், மச்சான் கம்பெனி, ஃப்ரெண்டு கம்பெனின்னு நாலு எடத்துலருந்து போட்டாங்க, ஒழுங்கா ஒண்ணு போட்ட பையனுக்கு நாமம். அடுத்த வருஷம் ஆளுக்கு ஒரு சான்ஸ்னு மாத்தினதும் 4.7 லட்சமாச்சு, ஃபீஸ் 215 ஆனதும் 3.4 லட்சத்துக்கு எறங்கிச்சு.

டிரம்ப் போட்ட 2025 செப்டம்பர் 19 உத்தரவ எல்லாரும் எச்1பி பெட்டிஷனுக்கு கம்பெனி கட்டணும்னு சொன்ன ஒரு லட்சம் டாலருக்காக மட்டும் ஞாபகம் வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துச்சு, "வெளிநாட்டுல இருந்தா ஒடனே திரும்பி வாங்க"ன்னு கம்பெனிங்க மெயில் போட, ஊருக்குப் போனவங்க பாதில பெட்டிய கட்டினாங்க, மறுநாள்தான் ஏற்கெனவே விசா இருக்கறவங்களுக்கு இல்ல, புது பெட்டிஷனுக்கு மட்டும்னு விளக்கம் வந்துச்சு. எனக்கு உறுத்தறது அதுல இருக்கற இன்னொரு வரி: நாட்டு நலன்னு ஹோம்லேண்ட் செக்யூரிட்டி செக்ரட்டரி நெனச்சா ஒரு ஆளுக்கோ, ஒரு முழு கம்பெனிக்கோ, ஒரு முழு துறைக்கோ விலக்கு குடுக்கலாம். இதுவரைக்கும் காங்கிரஸ்ல நாலு பேருக்குத் தெரிஞ்சு நடந்த லாபி, இனிமே ஒரு ஆபீஸ் ரூம்ல நடக்கலாம். பெரிய கம்பெனிக்கு அந்தக் கதவு தெரியும். கிராமத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் தேடறவங்களுக்குத் தெரியுமா? 2025 டிசம்பர்ல வந்த விதிப்படி லாட்டரில லெவல் நாலுக்கு நாலு சீட்டு, லெவல் ஒண்ணுக்கு ஒரு சீட்டு. இது கொஞ்சம் உருப்படி, ஆனா காலேஜ் முடிச்ச பசங்க பாடு திண்டாட்டம். சீட்டுக்காகவே லெவல ஏத்திக் காட்டற கூத்தும் வரும் பாருங்க.

சரி, நம்ம கையில என்ன இருக்கு. ப்ராஜெக்ட் இல்லன்னு பெஞ்ச்ல வச்சா சம்பளம் குடுத்தே ஆகணும், "க்ளையன்ட் கெடைச்சதும் பேரோல் ஓட்டறேன்"கறது மீறல். எச்1பி பெட்டிஷன்ல ட்ரெய்னிங் ஃபீஸ்னு கம்பெனி கட்டற 750 இல்ல 1,500 டாலர உங்க கிட்ட எந்த ரூபத்துலயும் வாங்கக் கூடாது. வக்கீல் செலவ புடிச்சு எல்சிஏ சம்பளத்துக்குக் கீழ கொண்டு போகவும் கூடாது. பாதில போனா பெனால்ட்டின்னு பாண்ட் வாங்கிருந்தா கையெழுத்துப் போட்டாச்சேன்னு பயந்து பணத்தக் கட்டிராம ஒரு வக்கீல் கிட்ட காட்டுங்க. புகார் குடுக்க லேபர் டிப்பார்ட்மென்ட்ல டபிள்யூஎச்-4ன்னு ஒரு ஃபார்ம், வேஜ் அண்ட் அவர் டிவிஷன்ல. புகார் குடுத்ததுக்காக வேலைய விட்டு தூக்கறதும் சட்டப்படி தப்பு. மீறல் கடைசியா நடந்ததுலருந்து 12 மாசத்துக்குள்ள குடுத்துரணும், "மொதல்ல வேற வேலைக்கு மாறிக்கறேன், அப்பறம் பாத்துக்கலாம்"னு இருந்தவங்கதான் நாள் தாண்டி வந்து நிப்பாங்க.

எல்சிஏ காப்பிய எச்ஆர் குடுக்கலன்னாலும் பரவால்ல, கம்பெனி ஒரு பப்ளிக் ஆக்சஸ் ஃபைல் வச்சிருக்கணும், யாரு கேட்டாலும் காட்டணும். லேபர் டிப்பார்ட்மென்ட் சைட்லயும் டேட்டா எறக்கிப் பாக்கலாம். அதையும் பே ஸ்டப், டைம்ஷீட், மேனேஜர் வாட்ஸ்அப்ல அனுப்பினது எல்லாத்தையும் உங்க சொந்த மெயில்ல போட்டு வைங்க, க்ளையன்ட்டோட ரகசிய ஃபைல் எதையும் தொடாம. லே ஆஃப் அன்னிக்கு லாக்இன் காலையிலயே போயிரும், வேலை போனப்புறம் வேற வழி தேடிக்க குடுக்கற 60 நாள் கணக்கும் ஓட ஆரம்பிச்சுரும், அப்போ போய் எச்ஆர் கிட்ட பே ஸ்டப்புக்காக கெஞ்சிட்டு இருக்க நேரம் இருக்காது.